லஸ்கர், லைன்மேன், ஜெட் ராடிங் வண்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் தொலைக்காட்சியில் என்ன காட்டுவார்கள் என்று நமக்கு மனப்பாடம். முழங்கால் தண்ணீரில் மைக்கோடு நிற்கும் நிருபர், ரப்பர் படகு, ஆரஞ்சு உடையில் தேசியப் பேரிடர் மீட்புப் படை, ஆய்வுக்கு வந்த அமைச்சருக்குக் குடை பிடிக்கும் அதிகாரி. படகில் வருகிறவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உயிரைப் பணயம் வைத்துத்தான் வருகிறார்கள். ஆனால் தெருவுக்குள் படகு வருகிறது என்றாலே, அதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஏதோ ஒரு வேலை நடக்கவில்லை, இல்லையென்றால் நடந்தும் மழை அதை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்த முன்வேலையைச் செய்கிறவர்கள் யார்? ஏரிக்கரையில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நடப்பவர், சாய்ந்த கம்பத்தில் ஏறுபவர், அடைத்துக்கொண்ட வடிகாலுக்குள் கம்பியை விட்டுக் குடைபவர். இவர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பதிவு கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் இருப்பது தாம்பரத்துக்கு மேற்கே. அடையாறு கிளம்புகிற ஆதனூர் ஏரி பக்கம்தான். இந்தப் பகுதியில் எங்கே திரும்பினாலும் ஏரி. ஒன்று நிறைந்தால் அதன் உபரி அடுத்ததற்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது, கடைசியில் எல்லாம் ஆற்றுக்கு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. பக்கத்திலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த வெள்ளத்தில் என்ன ஆயின என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு, "லேக் வியூ" என்று மனை விற்கிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஏரிக்கு ஒரு ஆள் உண்டு. பொதுப்பணித் துறையில் லஸ்கர் என்பார்கள். (2021-இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. ஊரில் இன்றும் பி.டபிள்யூ.டி. ஆள்தான்.) மதகைத் திறப்பது, மூடுவது, ஷட்டருக்குக் கிரீஸ் போடுவது, அளவுகோலில் எத்தனை அடி என்று பார்த்து மேலே சொல்வது, கரையைச் சுற்றி வருவது எல்லாம் அவர் வேலை. அப்படி ஒருவரோடு ஒரு மழைக்கால மாலையில் கரையில் நடந்திருக்கிறேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். நான் ஏரியின் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன், அவர் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. கரையின் வெளிப்பக்கச் சரிவையும் அடிவாரத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் புல்லுக்குள் ஈரம் மினுங்கியது. நான் பதறிவிட்டேன்.

"கசியறது தப்பில்ல தம்பி. மண்ணுக்கரைன்னா கசியத்தான் செய்யும். தெளிஞ்சு வருதா, கலங்கி வருதான்னு பாருங்க. கலங்கி வந்தா உள்ள மண்ணு போய்ட்டிருக்குன்னு அர்த்தம். அப்புறம் வீட்டுக்குப் போக முடியாது."

குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளி, டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். தெளிவாகத்தான் இருந்தது.

கலங்கி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஓட்டையை அடைப்போம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைத்தான் செய்யக்கூடாதாம். ஒரு வாயை அடைத்தால் தண்ணீர் வேறு வாயைத் தேடிக்கொள்ளும். ஊற்று கிளம்புகிற இடத்தைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி ஒரு தொட்டி மாதிரி ஆக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் ஏற ஏற, உள்ளேயிருந்து தள்ளுகிற வேகம் குறையும். மண் வருவது நின்றுவிடும், தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கும். அது வரட்டும். வெள்ளத் தடுப்பு பற்றிய எந்தப் பொறியியல் கையேட்டைத் திறந்தாலும் இதே முறைதான் இருக்கும். அவர் கையேட்டைப் பார்த்திருப்பார் என்று தோன்றவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் செய்து காட்டியது.

மூட்டையிலும் விஷயம் இருக்கிறது. முட்ட முட்ட நிரப்பித் தைத்த மூட்டை உருண்டையாக நிற்கும், இரண்டுக்கு நடுவே சந்து விழும். பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால்தான் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும். தன்னார்வலர்கள் ஆர்வத்தில் நிரப்பிக் கொடுக்கிற மூட்டையில் பாதியைப் பிரித்துக் கொட்டவேண்டியிருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். கரை உடைந்தே விட்டால் நடுவில் போய் அடைக்க முடியாது. முதலில் உடைப்பின் இரண்டு முனைகளையும் காப்பாற்றி, அது மேலும் அகலாமல் நிறுத்த வேண்டும். பிறகு சவுக்குக் கம்புகளை இரண்டு வரிசையாக அடித்து இறக்கி, நடுவில் மூட்டையைப் போட்டுக்கொண்டே இரு பக்கமிருந்தும் நெருங்கி வருவார்கள். பருவமழைக்கு முன்பே காலிச் சாக்கும் மணலும் சவுக்குக் கம்பும் இருப்பு வைப்பது இதற்காகத்தான். "முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் தீவிரம்" என்று நாளிதழில் ஒரு வரி வருமே, அதற்குப் பொருள் அந்தக் கம்புக் கட்டுதான்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாக இருந்தது, அவர் மனிதர்களைப் பற்றி வைத்திருந்த கணக்கு. உபரி வழியும் கலங்கலில் மீன் குத்தகைக்காரர்கள் வலை கட்டுவார்கள், மீன் தப்பிவிடக் கூடாதே என்று. வலையில் ஆகாயத்தாமரையும் குப்பையும் சிக்கினால் கலங்கலே அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கரையின்மேல் ஏறும். கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கல்மேல் மூட்டை அடுக்கும் விவசாயிகளும் உண்டு. கீழே புது நகரில் வீடு வாங்கியவர்களுக்கோ ஏரியில் தண்ணீரே நிற்கக் கூடாது. இந்த மூன்று தரப்பும் எப்போது வரும், யாரிடம் எப்படிப் பேசினால் கேட்பார்கள் என்பது அந்த ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எந்தப் பேரிடர் மேலாண்மைத் திட்ட அறிக்கையிலும் இது இருக்காது.

இதையே பெரிதாக்கிப் பாருங்கள், செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு, 5 கண் மதகு, 19 கண் மதகு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி அங்கிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். முன்னமே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டுமா, யார் உத்தரவுக்கு யார் காத்திருந்தார்கள் என்ற வாதம் சட்டமன்றம் வரை போனது. தணிக்கைத் துறையின் அறிக்கையும் ஏரி நிர்வாகத்தைக் கடுமையாகவே குறை சொன்னது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அளவைப் படித்து மேலே சொல்பவர் ஏரியில் இருக்கிறார், முடிவெடுப்பவர் ஊருக்குள் அறையில் இருக்கிறார். மழை கொட்டும்போது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் ஆபத்து. கீழே இருப்பவரின் சொல்லுக்கு மேலே என்ன மதிப்பு என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தூரம் கூடுவதும் குறைவதும்.

உடைப்பை அடைக்க ஆள் வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிய கவலை அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவையே சொல்கிறது. அது பத்தாம் நூற்றாண்டு. வெள்ளைக்காரன் 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தான். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் நிலையில் இருந்தால் ஊரின் உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்கு வரச்சொல்லி உத்தரவிடலாம், குடிமராமத்து, அதாவது ஊரார் சேர்ந்து ஏரியையும் கால்வாயையும் பராமரிக்கும் வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்கலாம். உழைக்கும் வகுப்பு என்பதைக் கவனித்தீர்களா? தண்ணீர் எல்லோர் வயலுக்கும் பாயும், சேற்றில் இறங்க மட்டும் சிலர். 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு திட்டம் ஒன்று தொடங்கியது. ஏரிகள் தூர்வாரப்பட்டன, சரி. ஆனால் தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். அவற்றில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடம், மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடம். தூர்வாரிய பிறகு தினமும் கரையில் நடப்பதற்கு ஆள் வேண்டுமே. பல இடங்களில் ஒரே ஆள் பல ஏரிகளைப் பார்க்கிறார். ஒரே ராத்திரியில் அத்தனை கரையிலும் அவர் நடக்க முடியாது.

ஏரியை விட்டுக் கம்பத்துக்கு வருவோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் மின்வாரிய ஆட்களை லாரி லாரியாக இறக்கினார்கள், கேரளாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் கிரேன் போகும் பாதையே கிடையாது. வயல் முழுக்க தண்ணீர். கான்கிரீட் கம்பம் ஒன்றே சில நூறு கிலோ எடை இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போன ஆட்களின் படம் அப்போது எல்லோர் வாட்ஸாப்பிலும் சுற்றியது. நாமும் கும்பிடு போட்டு ஃபார்வர்டு செய்தோம்.

அதே நாமே, நம் தெருவில் கரண்ட் போய் ஆறு மணி நேரம் ஆனால் வயர்மேனை என்ன பேச்சுப் பேசுகிறோம்? மழைக்கு நடுவில் மின்சாரத்தை நிறுத்துவதே முதல் உயிர்காப்பு என்பது பலருக்கும் உறைப்பதில்லை. சென்னைத் தெருக்களில் கேபிள்கள் வந்து பிரியும் பில்லர் பாக்ஸ் இடுப்பு உயரம்தான் இருக்கும். அது தண்ணீரில் மூழ்கி, மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தால் தெருவே மின்கம்பி. வெள்ளங்களுக்குப் பிறகு தாழ்வான பல இடங்களில் அவற்றைப் பீடம் கட்டி உயர்த்தினார்கள். உயர்த்தாத இடங்களில் தண்ணீர் ஏறுவதற்குள் ஒருவர் ஓடிப்போய் அணைக்க வேண்டும். எந்தத் தெருவில் முதலில் ஏறும் என்பது அந்தப் பிரிவு அலுவலகத்தில் பத்து வருஷமாக இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது நாமே உண்டாக்குவது. கரண்ட் போனதும் வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டரை ஓட்டுகிறோம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராக வீட்டு வயரிங்கில் கொடுத்தால், அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால் அது தலைகீழாக வேலை செய்யும். நம் வீட்டு 230 வோல்ட், மேல்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி நிற்கும். சப்-ஸ்டேஷனில் லைனை நிறுத்திவிட்டார்கள் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவருக்கு அது எமன். லைன்மேன்கள் வேலை தொடங்குமுன் கம்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து எர்த் ராடு மாட்டுவது இதற்காகத்தான். விதி அப்படி. புயலடித்த மூன்றாம் நாள், தூக்கமில்லாமல், கீழே ஐம்பது பேர் நின்று "எப்பப்பா வரும்?" என்று கத்தும்போது விதியை முழுசாகக் கடைப்பிடிக்க எவ்வளவு நிதானம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னை மாநகருக்குள் கதை வேறு. ஒரே தெருவில் மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துக்கு, சாலை சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறைக்கு, வடிகால் போய்ச் சேரும் கால்வாய் நீர்வளத் துறைக்கு. தண்ணீருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. அடைப்பை நீக்கும் ஜெட் ராடிங் வண்டியோடு வருகிறவர்தான் எது எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். தெருவில் தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று கழிவுநீர் மேன்ஹோலைத் திறந்துவிடும் பழக்கம் நமக்குப் பரவலாக உண்டு. உங்கள் தெருவிலிருந்து போகும் தண்ணீர் அடுத்த தெருக்காரர் கழிப்பறை வழியாக மேலே வரும், அவ்வளவுதான் பலன். திறந்த மேன்ஹோலில் அடுத்து வருகிறவர் விழுவார். அதில் மரக்கிளையைச் சொருகிச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போகிறவரும் அந்தத் துப்புரவுப் பணியாளர்தான்.

வெள்ளம் வடிந்த பிறகும் அவர்கள் வேலை முடிவதில்லை. மெத்தை, சோபா, செத்த நாய், ஊறிய அரிசி மூட்டை என்று ஒவ்வொரு வீடும் வாசலில் ஒரு மலையைக் கொட்டும். 2015-இல் அதை அள்ளுவதற்கு மற்ற ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை அழைத்துவந்தார்கள். தங்கள் ஊரிலும் மழை பெய்யும்போது வந்தவர்கள். கையுறைகூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்தவேண்டி வந்தது என்பதிலேயே நிலவரம் தெரிகிறது. அவசரம் என்று சொல்லித்தான் விதிகள் முதலில் மீறப்படும், மழைக்காலத்தில் எல்லாமே அவசரம்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மழையையும் சொல்லியாக வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள், சுமார் 800 பயணிகளோடு. சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் மக்கள் தவித்தது செய்தியானது, நியாயம்தான். ஆனால் அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், இருப்புப்பாதை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரயில் போயிருந்தால்? போகவில்லை. நிறுத்தியதால் போகவில்லை. நடக்காத விபத்துக்குத் தலைப்புச் செய்தி கிடையாது.

இந்த வேலைகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கும் சிக்கலும் இதுதான். ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத இடத்தில் செலவைக் குறைக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறவருக்குத் தோன்றும். ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமல் விடலாம். ஒப்பந்த ஆளைப் போட்டு வருஷா வருஷம் மாற்றலாம். வாடகை மோட்டார் பம்பு கிடைக்கும், ஜே.சி.பி. கிடைக்கும். எந்த மதகின் ஷட்டர் பாதி வழியில் சிக்கும், எந்த வளைவில் வடிகால் குறுகும் என்ற நினைவு எந்த டெண்டரிலும் கிடைக்காது. நவீனமாகச் சென்சார் வைக்கலாமே என்பார்கள். தாராளமாக வைக்கட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. நீர்மட்டத்தைச் சென்சார் சொல்லிவிடும். கசிகிற தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்க்க ஒரு ஆள் நடந்துபோயாக வேண்டும்.

அமெரிக்காவில் 2003 டிசம்பரில் அதிபர் புஷ் வெளியிட்ட பாதுகாப்பு ஆணை ஒன்று, அவசர காலத்தில் முதலில் களத்தில் இறங்குகிறவர்கள் யார் என்று வரையறுத்தபோது, தீயணைப்பு, காவல், மருத்துவம் என்பதோடு பொதுப்பணி ஊழியர்களையும் சேர்த்துச் சொன்னது. அமெரிக்கா செய்ததெல்லாம் சரி என்று சொல்லவில்லை. எழுத்தில் பெயர் இருந்தால் பயிற்சி, காப்பீடு, பாதுகாப்புக் கருவி என்று கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். இங்கே கொரோனாவில் தூய்மைப் பணியாளர்களை முன்களப் பணியாளர் என்று அழைத்தோம், காலைக் கழுவி மாலை போட்டோம். அலை ஓய்ந்ததும் அவர்கள் பழையபடி ஒப்பந்தக்காரரின் ஆட்கள்.

என் கருத்து இதுதான். பருவமழை ஆயத்தம் என்று ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வுக் கூட்டங்களில் லஸ்கரும் வயர்மேனும் தூய்மைப் பணியாளரும் உட்கார நாற்காலி போட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். காலியாக இருக்கும் ஏரிக்காவல் இடங்களை நிரப்ப வேண்டும். ஓய்வு பெறப் போகிறவரோடு புதிய ஆளை ஒரு மழைக்காலமாவது சேர்ந்து நடக்க விட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரே ஒரு வெள்ள நிவாரணத் தொகைக்குக் கால் தூசு பெறாது.

நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மேன்ஹோலைத் திறக்காதீர்கள். ஏரிக்கரையில் கலங்கிய தண்ணீர் ஊறுவதைப் பார்த்தால் வீடியோ எடுத்துப் போடுவதற்கு முன்னால் 1077-க்குச் சொல்லுங்கள், அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. மாநில அறைக்கு 1070, சென்னை மாநகராட்சிக்கு 1913, மின்சாரத்துக்கு 94987 94987. உங்கள் பகுதி லஸ்கர் யார், வயர்மேன் யார் என்று மழைக்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவர் கம்பத்தில் இருக்கும்போது கீழே நின்று கத்தாதீர்கள்.